தேரிக்கு ஒரு கருவி, காட்டுக்கு ஒரு கருவி

திருச்செந்தூரில் இறங்குகிறவர்கள் முருகனைப் பார்க்க வருவார்கள். மாஞ்சோலைக்கு ஏறுகிறவர்கள் குளிரைத் தேடிப் போவார்கள். இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் கோர்த்துக்கொண்ட எங்களுக்கு இரண்டுமே நோக்கமில்லை. மரக் கணக்கெடுப்புக்கு எந்த ஜி.பி.எஸ். கருவியை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடற்கரைத் தேரிக்காட்டில் பனை, மலையில் மழைக்காட்டு மரங்கள் என்று இரண்டு இடத்திலும் கணக்கெடுக்கப் போகிற சிறிய குழு எங்களுடையது. கையில் இருந்த பணமோ ஒருமுறை தப்பாகச் செலவழித்தால் மறுமுறை கிடைக்காத பணம். கடைக்காரர் விரித்த வண்ணத்தாளில் எல்லாக் கருவியும் எல்லா வேலையும் செய்தது. அதனால் கேட்கிற இடத்திலெல்லாம் கேட்டு, மூன்று விதக் கருவிகளை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

ஒன்று, எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிற செல்போன். இரண்டாவது, கார்மின் நிறுவனத்தின் கையடக்க ஜி.பி.எஸ். மூன்றாவது, நில அளவைக்காரர்கள் வைத்திருக்கும் ஆர்.டி.கே. கருவி: ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் 'பேஸ்' ஒன்று, கம்பின் நுனியில் பொருத்தி நாம் தூக்கிக்கொண்டு அலையும் 'ரோவர்' ஒன்று. கம்பு நீளமான பையில் இருந்தது. திருச்செந்தூர் பேருந்து நிலையத்தில் நடத்துனர் அதைப் பார்த்துவிட்டு, "தூண்டிலா? லக்கேஜ் போடணும்" என்றார். நில அளவை செய்து பிழைக்கும் நண்பர் ஒருவர் உடன் வந்திருந்தார். "இந்தத் தூண்டில் வெலைக்கு ஒரு வள்ளமே வாங்கலாம் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் வாங்கினார்.

காயாமொழியைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. குதிரைமொழித் தேரி. இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாக, காற்று இழுத்த இழுப்புக்கு நகரும் மணல். குடை விரித்தாற்போல நிற்கும் உடை மரங்கள், முந்திரி, நடுநடுவே பனை. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வருகிற கூட்டம் கோயிலோடு திரும்பிவிடும். அதைத் தாண்டினால் மணலில் உங்கள் காலடி மட்டும்தான். காலை ஒன்பது மணிக்கே செருப்பில்லாமல் நடக்க முடியாது. செல்போன் திரை வெயிலில் கறுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சூடேறி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. கையடக்கக் கருவியின் திரைக்கு வெயில் எதிரியல்ல, வெயில் பட்டால்தான் நன்றாகத் தெரியும். கடையில் குளிர்சாதன அறையில் நின்று கருவி பார்க்கிறவருக்கு இது புரிய வாய்ப்பே இல்லை.

முதலில் நாங்கள் இயக்கியது எந்தக் கருவியையும் அல்ல, முப்பது மீட்டர் டேப்பை. பனைக்கும் பனைக்கும் எத்தனை இடைவெளி? வரிசையாக நட்ட இடத்தில் மூன்று மீட்டர் அளவில் இருந்தது. தானாக விழுந்து முளைத்த கூட்டத்தில் இரண்டு மீட்டருக்கும் குறைவு. வேலியோரத்தில் வடலிகள் ஒன்றோடொன்று மட்டை உரசி நின்றன. இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு வந்துவிடும் என்பது நண்பரின் கட்சி, இப்போது என்னுடையதும். திறந்த வானத்தின் கீழ் நல்ல செல்போன் காட்டும் இடம் சுமார் ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் இருக்கும். ஐந்து மீட்டர் வட்டத்துக்குள் மூன்று மீட்டர் இடைவெளிப் பனைகள் எத்தனை நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள். தோப்பு எங்கே இருக்கிறது என்று செல்போன் சொல்லிவிடும். எந்தப் பனை என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கும்.

ஏன் ஐந்து மீட்டர்? ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் அணுக்கடிகாரம் சொல்லும் நேரம் நம் கைக்கு வந்து சேர எவ்வளவு தாமதமானது என்பதை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் முப்பது சென்டிமீட்டர் பிசகும். இதிலே 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா வேண்டுமென்றே பொதுமக்களுக்கான சமிக்ஞையைக் கெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பிழை நூறு மீட்டர் வரை போகும். அன்றைக்கு யாராவது பனைக்கு ஜி.பி.எஸ். என்று கிளம்பியிருந்தால் பக்கத்து ஊர்ப் பனையைக் குறித்துக்கொண்டு வந்திருப்பார்.

ஆர்.டி.கே. இந்த விளையாட்டையே மாற்றுகிறது. பேஸ் அசையாமல் நிற்பதால், வானத்திலிருந்து வருகிற பிழை அதற்கும் வரும், அருகில் இருக்கும் ரோவருக்கும் வரும். பேஸ் தன் பிழையை நொடிக்கு நொடி ரேடியோவில் சொல்ல, ரோவர் கழித்துக்கொள்கிறது. தேரியில் வானம் தடையில்லாமல் திறந்து கிடந்தது. கம்பை நட்டுக் கொஞ்ச நேரத்தில் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் பேச்சுதான். இவ்வளவு துல்லியம் பனைக்குத் தேவையா என்றால் இல்லை. பனையின் தடிமனே ஒரு முழத்துக்குக் குறையாது. ஆனால் ஒரு மீட்டருக்குள் வேண்டும். அந்த ஒரு மீட்டரை நம்பிக்கையாகத் தரும் கருவி தேரியில் இதுதான்.

ஒரு கண்ணி இருக்கிறது. ரோவருக்கும் பேஸுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் சென்டிமீட்டர் சுத்தம். பேஸ் நிற்கிற இடத்தை நாம் தப்பாகச் சொல்லியிருந்தால் மொத்தத் தோப்பும் ஒரே சீராக இடம்பெயர்ந்துவிடும். இந்த வருஷம் ஒரு இடத்தில் பேஸ் வைத்து, அடுத்த வருஷம் நாலடி தள்ளி வைத்துப் பழைய எண்ணையே கொடுத்தால், மரமெல்லாம் நாலடி நடந்திருக்கும். தமிழ்நாட்டு நில அளவைத் துறையும் இந்திய நில அளவைத் துறையும் நிறுவியிருக்கும் தொடர் இயக்க நிலையங்களோடு இணையவழி இணைந்துகொண்டால் இந்தத் தொல்லை குறையும். அதற்கு செல்போன் சிக்னல் வேண்டும். தேரிக்குள் சிக்னல் வந்து வந்து போனது. சாலையோரச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு ஆணியை சிமெண்டில் பதித்து, இதுதான் எங்கள் பேஸ் என்று நண்பர் முடிவுகட்டினார். கருவியின் விலைப்பட்டியலில் அந்த ஆணி இருக்காது.

எங்களை ஒரு பனையின் உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பாளை சீவி முடித்துக் கலயத்தோடு இறங்கி வந்தார். இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் திளாப்பு. நெஞ்சில் காய்த்துப்போன தழும்பு.

"என்ன தம்பி, நெலத்த அளக்கியளா?"

"இல்ல அண்ணாச்சி, பனைய எண்ணுதோம். ஒவ்வொண்ணும் எங்க நிக்கின்னு குறிக்கணும்."

"அதுக்கா இந்தக் கம்பு? எங்கிட்ட கேட்டா சொல்லமாட்டனா?"

சொன்னார். கம்புக்கும் அவருக்கும் ஒரு மறைமுகப் போட்டியே நடந்தது. இது அலகு, அது பருவம், இதோ இது போன வருஷம் வரை கொடுத்தது, இப்போது இல்லை, அந்தக் கோணப்பனை இடி வாங்கியும் நிற்கிறது, அதற்கு அடுத்தது அவருடைய மைத்துனர் ஏறுவது, தொடக்கூடாது. அலகு என்றால் ஆண்பனை, பருவம் என்றால் பெண்பனை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகிறவருக்கு மரம் ஒவ்வொன்றும் தனி ஆள். எங்கள் பட்டியலில் 'இருப்பிடம்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. அவர் சொன்னதை எழுத ஐந்தாறு கட்டம் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. கருவிகளிடம் இல்லாத தகவல் இவ்வளவு இருக்கும்போது, கருவிக்கு மட்டும் பணத்தைக் கொட்டுவது எனக்கு அபத்தமாகப் பட்டது. கணக்கெடுப்பு நடக்கும் நாளில் ஏறுகிறவருக்கு நாள் கூலி கொடுத்துக் கூடவே நடக்கவைப்பது என்று அன்றைக்கே செலவுக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

எண் தகடு விஷயத்தில் அவர் எங்களைச் சரியாகத் தடுத்தார். காட்டு மரங்களில் அலுமினியத் தகட்டை அலுமினிய ஆணியால் அறைவது உலக வழக்கம். எங்களோடு வந்திருந்த மாணவர் ஒருவர் சுத்தியலை எடுத்ததும், "ஆணி அடிக்காதிய. நெஞ்ச ஒட்டித்தான ஏறுதோம், கிழிச்சிராது?" என்றார். வேறு மரமாக இருந்தால் கம்பி கட்டவும் தயங்குவோம். மரம் பருத்துக் கம்பியை விழுங்கும். பனை தென்னை வகையறாவுக்குத் தண்டு ஆண்டுதோறும் பருக்கிற பழக்கம் இல்லை. ஆனாலும் கம்பியும் கையைக் கிழிக்கும். கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கீழே பெயின்டில் எண் போடுவது என்று முடிவு. நகரும் மணல் அதை மூடினால்? "மூடிச்சுன்னா தோண்டிப் பாருங்க" என்றார்.

ட்ரோன் வைத்து மேலிருந்து படமெடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று. பனையின் கொண்டை மேலிருந்து நட்சத்திரம் போலத் தெளிவாகத் தெரியும், எண்ணுவதற்கு அதைவிடச் சுலபம் இல்லை. ஆனால் சாய்ந்த பனையின் கொண்டை ஓரிடத்திலும் அடி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வேறிடத்திலும் இருக்கும். நெருக்கமான கூட்டத்தில் ட்ரோன் காட்டும் கொண்டையும் நீங்கள் தரையில் எண் போட்ட அடியும் எது எதற்கு என்று தடுமாறும். அலகா பருவமா என்று ட்ரோன் சொல்லாது. எங்கள் விதி எளிமையானது: கம்பை எப்போதும் மரத்தின் வடபுறம், அடியை ஒட்டி வை. எல்லாரும் ஒரே புறம் வைத்தால், தடிமனால் வரும் பிழையும் எல்லா மரத்துக்கும் ஒரே பக்கமாக வரும்.

மறுநாள் காலை திருநெல்வேலி சாலை. இந்தத் தடத்தில் பேருந்தின் ஜன்னலோரம் கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம் எனக்கு. தாமிரபரணி கூடவே வரும். வாழையும் வயலும் ஆறும் மாறிமாறி. ஆழ்வார்திருநகரியில் இறங்கி ஆதிநாதர் கோயிலின் புளியமரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். நம்மாழ்வார் அமர்ந்திருந்தார் என்று கொண்டாடப்படும் உறங்காப்புளி. ஊரே அதைச் சுற்றி மதில் எழுப்பி வைத்திருக்கிறது. எந்த அட்சரேகையும் அதற்குத் தேவையில்லை.

கோயிலுக்கு வெளியே சாலையோரப் புளியமரங்கள் வேறு கதை. கறுப்பு வெள்ளைப் பட்டையும் எண்ணுமாக நெடுஞ்சாலைத் துறைக்குக் கணக்கில் நிற்பவை. காய்ப்பு ஏலம் போகும். அவற்றுக்கிடையே பத்து மீட்டர், அதற்கும் மேல் இடைவெளி. ஒரே வரிசை, கைவசம் எண். இங்கே செல்போன் தாராளமாகப் போதும், கையடக்கக் கருவிகூட ஆடம்பரம். எண்ணைப் படித்து, சாலையின் எந்தப் பக்கம் என்று எழுதினால் தீர்ந்தது. ஒரு திட்டத்துக்கான படிவத்தில் இருப்பிடத்தைப் பாகை, கலை, விகலை என்று முழு எண்ணாகக் கேட்டிருந்தார்கள். ஒரு விகலை என்பது தரையில் சுமார் முப்பத்தொரு மீட்டர். எத்தனை லட்சம் கொடுத்துக் கருவி வாங்கினாலும் அந்தப் படிவத்தில் எழுதும்போது மூன்று புளியமரமும் ஒரே புள்ளியில் ஏறி நிற்கும். பாகையைத் தசமத்தில் எழுதினால் ஐந்தாவது இடம் ஏறக்குறைய ஒரு மீட்டர், ஆறாவது இடம் பதினொரு சென்டிமீட்டர். புளிக்கு ஐந்து போதும், பனைக்கு ஆறு வேண்டும். கருவியின் விலையைப் பேசுகிற அளவுக்கு இந்தத் தசமப் புள்ளியை யாரும் பேசுவதில்லை.

திருநெல்வேலிக்கு முன்னால் கிருஷ்ணாபுரம் வரும். வெங்கடாசலபதி கோயிலின் சிற்பத் தூண்களுக்காக எல்லாரும் இறங்குகிற ஊர். நண்பர் இறங்கச் சொன்னது வேறு காரணத்துக்கு. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடம் இங்கேதான் இருக்கிறது. பூமியின் காந்த நடுவரை தென்தமிழகத்தை ஒட்டி ஓடுகிறது. தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். காந்த நடுவரைக்கு மேலே, வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலம் மற்ற இடங்களைவிட அமைதியற்றது. ஜி.பி.எஸ். சமிக்ஞை அதைக் கடந்துதான் கீழே வரவேண்டும். பகலில் அயனமண்டலம் சமிக்ஞையைத் தாமதப்படுத்தும். சூரியன் மறைந்த பிறகு சில நாட்களில் அங்கே எழும் குமிழிகள் சமிக்ஞையைப் படபடக்கச் செய்து அறுத்தேவிடும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ சோதித்து எழுதிய துல்லியக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு மருந்து இரண்டு அலைவரிசைக் கருவி. அயனமண்டலம் ஒவ்வொரு அலைவரிசையையும் ஒவ்வொரு அளவில் தாமதப்படுத்தும். எல்-1, எல்-5 இரண்டையும் கேட்கிற கருவி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே பிழையைக் கண்டுபிடித்துக் கழித்துவிடும். 2018இல் ஷாவ்மியின் மி-8 வந்தபோதே செல்போனுக்கு இந்த வசதி வந்துவிட்டது. கார்மினின் கையடக்கக் கருவிகளிலும் 65எஸ், 66எஸ்.ஆர். போன்றவற்றில் இருக்கிறது. நம்முடைய நாவிக் செயற்கைக்கோள்களும் எல்-5இல் ஒலிபரப்புகின்றன. ககன் என்ற திருத்தச் சமிக்ஞை இலவசமாகவே வானத்திலிருந்து கிடைக்கிறது. விமானங்களுக்காகச் செய்தது, பனைக்கும் உதவும். கையடக்கக் கருவியின் அமைப்புகளில் 'வாஸ்' என்று அமெரிக்கப் பெயரில் ஒளிந்திருக்கும், அதை இயக்கிவிட வேண்டும். வாங்கியவர்களில் எத்தனை பேர் இயக்கியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அன்றிரவு நெல்லை விடுதியின் மொட்டைமாடியில் ஒற்றை அலைவரிசை செல்போன் ஒன்றை ஒரு நாற்காலியின் மேல் அசையாமல் வைத்து, போகும் தடத்தைப் பதியச் சொன்னோம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், ஓரடிகூட நகராத போன் முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரு தடத்தை வரைந்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புள்ளி எடுக்காதே என்று நண்பர் தன் ஆட்களுக்குச் சொல்லும் விதிக்குக் காரணம் கண்ணெதிரே கிடந்தது.

கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு, சோதனைச்சாவடி. வனத்துறை அனுமதிக் கடிதம் காட்டியதும் பேருந்து ஏறத் தொடங்கியது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், 1988இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஏறும்போதே செல்போனின் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, மாஞ்சோலையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தேயிலைச் சரிவுகள். குத்தகைக் காலம் முடியும் முன்னே 2024இல் தோட்டம் மூடப்பட்டதால் பல தலைமுறையாக இருந்த குடும்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பாதி லயன் வீடுகளில் பூட்டு. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே அல்ல. நாங்கள் காக்காச்சி வரை போனோம். தேயிலை சட்டென்று முடிந்து காடு சட்டென்று தொடங்கும் இடம்.

சிக்னல் இல்லாத இடத்தில் செல்போன் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். செய்யும், மெதுவாக. எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற தகவலை ஊரில் இருக்கும்போது இணையம் நொடியில் தந்துவிடுகிறது. இணையமில்லையென்றால் செயற்கைக்கோளே சொல்லக் காத்திருக்க வேண்டும். அது சொல்வது விநாடிக்கு ஐம்பது பிட் வேகத்தில். ஒரு செயற்கைக்கோள் தன் பாதையைச் சொல்லி முடிக்கவே முப்பது விநாடி. நடுவில் ஒரு கிளை மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே காட்டுக்குள் நுழைவதற்கு முன் தேயிலை ஓரத்தில் கருவிகளை இயக்கி வானத்தைக் காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

உள்ளே வெடிப்பலா. பலகை வேர் விரித்து நிற்கும் பெரிய மரம். முள்ளுக்காய், சிங்கவால் குரங்குகளின் பிரியமான தீனி. கூடவே நாங்கு, பாலி. தலைக்கு மேலே அடுக்கடுக்காக இலை. பகல் பதினொரு மணிக்கு மாலை மாதிரி இருட்டு. காலில் அட்டை ஏறுவதைப் பார்த்தபடியே கருவிகளையும் பார்க்க வேண்டும். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் வேட்டியைத் தூக்கிக் கட்டி, காலில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு நிம்மதியாக நின்றார்.

தேரியில் ராஜாவாக இருந்த ஆர்.டி.கே. இங்கே தலைகுனிந்தது. 'ஃபிக்ஸ்' வரவில்லை, 'ஃப்ளோட்' என்று மிதந்துகொண்டே இருந்தது. ஒருமுறை 'ஃபிக்ஸ்' என்று காட்டி ஏமாற்றியது. சந்தேகப்பட்டு அணைத்து மறுபடி இயக்கியதும் புள்ளி பல மீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்தது. சமிக்ஞை ஈர இலையில் பலவீனமாகிறது, பருத்த அடிமரங்களில் மோதித் திரும்பி நீண்ட வழியில் வந்து சேர்கிறது. திரும்பி வந்ததை நேராக வந்ததாக நம்பினால் தூரம் தப்பும். சென்டிமீட்டர் கணக்கின் உயிரே சுத்தமான சமிக்ஞைதான். அது கிடைக்காத இடத்தில் விலை உயர்ந்த கருவிக்கும் மற்றதற்கும் உள்ள தூரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

செல்போன் நின்ற இடத்திலேயே என்னை மரத்துக்கு மரம் தாவ வைத்தது. மூன்றில் மரியாதையாக நடந்துகொண்டது கையடக்கக் கருவி. அதன் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த குமிழுக்குள் சுருள் ஆண்டெனா இருக்கிறது, நிமிர்த்திப் பிடித்தால் நாலாபக்க வானத்தையும் கேட்கும். மலிவு வகைகளில் தட்டை ஆண்டெனா. அதைப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும், மார்பை ஒட்டித் தொங்கவிட்டால் பாதி வானம் உங்கள் உடம்புக்குப் போய்விடும். சுருள் ஆண்டெனா இருந்தும் பிழை பத்து மீட்டரைத் தொடத்தான் செய்தது. திரையில் "± 4 மீட்டர்" என்று காட்டுகிறதே என்றால், அது கருவி தன்னைப் பற்றித் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீடு, உறுதிமொழி அல்ல. சராசரி எடுக்கும் வசதி உண்டு. ஆனால் நின்ற இடத்தில் இரண்டு நிமிஷம் சராசரி எடுத்துப் பெரிய பயன் இல்லை. செயற்கைக்கோள்கள் இடம் மாற வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கார்மினின் கையேடே சொல்கிறது. ஒரு மரத்துக்கு இரண்டு தரம் அட்டைக்கடி என்றால் ஆயிரம் மரத்துக்கு யார் போவது?

இதற்கு விடை ஜி.பி.எஸ்.ஸுக்கு முந்தியது. முதுமலையில் 1988இல் இந்திய அறிவியல் கழகம் ஐம்பது ஹெக்டேர் காட்டை, ஒரு கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர், அளந்து எடுத்து, இருபது மீட்டர் சதுரங்களாக 1250 கட்டம் பிரித்து, மார்பளவு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டிக் குறித்தது. அதற்கு முன்னோடி பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹப்பெல்லும் ராபின் ஃபாஸ்டரும் 1980களின் தொடக்கத்தில் செய்தது. ஜி.பி.எஸ். முழுமையாகச் செயல்படத் தொடங்கியதே 1995இல். அந்தத் தளங்களில் மரத்தின் இடம் மூலைக் கற்களிலிருந்து அளந்தது, வானத்திலிருந்து இறங்கியது அல்ல. அதனால்தான் அடுத்தடுத்த கணக்கெடுப்பில் போனவர்கள் அதே மரத்தின் முன்னே போய் நிற்க முடிந்தது.

எங்கள் அளவுக்கு அதையே சிறிதாக்கினோம். தேயிலை ஓரத்தில், வானம் தெரியும் இடத்தில், ஆர்.டி.கே.யால் இரண்டு புள்ளிகளை நன்றாகப் பிடித்துக் கல் ஊன்றுவது. அங்கிருந்து திசைகாட்டியும் டேப்பும் காட்டுக்குள் போகும். திசையில் ஒரு பாகை பிசகினால் இருபது மீட்டர் தூரத்தில் முப்பத்தைந்து சென்டிமீட்டர்தான் தவறும். பத்து மீட்டர் தப்பும் கருவியோடு ஒப்பிட்டால் இது தங்கம். சரிவைக் கழிக்க வேண்டும்: முப்பது பாகைச் சரிவில் டேப்பின் இருபது மீட்டர், வரைபடத்தில் பதினேழு மீட்டர் சொச்சம்தான். திசைகாட்டி பார்க்கிறவர் கையில் அரிவாளோ இரும்புக் கொக்கியோ இருக்கக்கூடாது. காவலர் அரிவாளோடு பக்கத்தில் வந்தபோதெல்லாம் முள் நெளிந்தது. "கொஞ்சம் தள்ளிப் போங்கண்ணே" என்று மாணவர் கெஞ்ச, அவர், "யானை வந்தா நீங்க தள்ளிப் போவீங்களா தம்பி?" என்று கேட்டபடி பத்தடி விலகி நின்றார். அதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இறங்கும் பேருந்தில் செலவுக் கணக்கைப் பிரித்தோம். ஆர்.டி.கே. வாங்குவதில்லை, வாடகைக்கு. லட்சங்களைப் போட்டு வாங்கி, வருஷத்தில் சில வாரம் பயன்படுத்தி, மீதி நாள் பெட்டியில் தூங்கவைக்கும் நிலையில் நாங்கள் இல்லை. இரண்டு அலைவரிசை கேட்கும் சுருள் ஆண்டெனாக் கையடக்கக் கருவி இரண்டு, பேட்டரி மாற்றக்கூடியதாக, ஒன்று நாற்பதாயிரம் ரூபாய்க்குள். மலையில் மின்சாரம் நம்மைக் கேட்டு வருவதில்லை. தகவலை நிரப்ப ஏற்கெனவே இருக்கும் செல்போன்களில் கியூஃபீல்டு செயலி, வரைபடத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டு. நல்ல திசைகாட்டி ஒன்று, லேசர் தூரமானி ஒன்று, நைந்துபோகாத டேப் மூன்று. மீதிப் பணத்தில் பெயின்ட், அலுமினியத் தகடு, பனையேறி அண்ணாச்சிக்கும் காட்டில் கூட வருபவருக்கும் கூலி.

வாடகைக் கருவியை எந்த மாதம் எடுப்பது என்பதில்தான் கல்லிடைக்குறிச்சி வரை வாக்குவாதம். ஐப்பசி, கார்த்திகை என்றால் காட்டு இலையெல்லாம் நனைந்து நிற்கும், கிடைக்கிற சமிக்ஞையும் போய்விடும். கோடையில் என்றால் தேரியில் யாரும் பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது, பாளை சீவுகிற காலமாதலால் அண்ணாச்சிக்கும் ஒழிவிருக்காது. மாசியில் முதலில் மலை, பங்குனி பிறக்கும் முன்னே தேரி என்று நண்பர் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, வாடகைக்குக் கொடுப்பவரை அங்கிருந்தே அழைத்தார்.